நாலு பேர், அஞ்சு பேர், எத்திராஜ்

எத்திராஜின் மகள் யசோதராவின் அழைப்பு வந்தபோது நான் திருவொற்றியூர் தேரடியில் எண்ணூர் பேருந்துக்காக நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. காத்திவாக்கத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குத்தான் கிளம்பியிருந்தேன். "அங்கிள், கெளம்பிட்டீங்களா?" என்றாள். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றேன். "அப்பா போய்ட்டாரு அங்கிள். காலைல காப்பி எடுத்துக்கினு போனேன். எழுந்துக்கல" என்றாள். "சரிம்மா" என்றேன். பேருந்து வந்தது. எல்லா ஞாயிறும் ஏறுவதுபோல ஏறி, டிக்கெட் வாங்கி, கடல் பக்க ஜன்னலில் உட்கார்ந்துகொண்டேன்.

துறைமுகத்தில் எத்திராஜோடு வேலை பார்த்தவர்கள் அவரை நல்ல கிரேன் ஓட்டுநர் என்று நினைவு வைத்திருப்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியும் ஒரு சரக்கைக்கூட அவர் கீழே போட்டதில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவரோடு இருந்தவர்களுக்கு மூன்றாவது மாடியிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்த இங்கிலீஷ் பாட்டுச் சத்தம் ஞாபகம் இருக்கும். அந்தச் சத்தத்தில் பாதிக்கு நான் காரணம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதுவதாக அவரிடம் சொல்லி நாலு வருடம் ஆகிறது.

அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய இரண்டு ராக் குழுக்கள். ஒன்று லிவர்பூல் துறைமுகத்து நால்வர், மற்றது லண்டன் ஐவர். அவர்கள் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். எத்திராஜ் அந்தப் பெயர்களை ஒருநாளும் சொன்னதில்லை. "நாலு பேரு", "அஞ்சு பேரு" என்பார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு அவர் அறிமுகமானது சில இசைத்தட்டுகள் இல்லாமல் போனதால். நான் அப்போது டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. ஒருநாள் மதியம் அவர் கிரேனிலிருந்து இறங்கி, பழைய துணியில் கையைத் துடைத்தபடி என் ஷெட்டுக்கு வந்தார். "நீதான சேகரு? கப்பலுக்குள்ள போய் வர்ற ஆளு. ஒரு ஒதவி பண்ணுவியா?" என்றார். அவருடைய அம்மா ராயபுரத்தில் ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது ஒரு ரிக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் அம்மாவிடம் விட்டுப் போயிற்று. அத்தனையும் நாலு பேருடையதும் அஞ்சு பேருடையதும். ஆனால் நடுவில் சில வருடத்துத் தட்டுகள் இல்லை. "மாலுமிங்க எவனா வெச்சிருந்தா கேளு. நான் கேட்டா எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வராது" என்றார்.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் தட்டுகளின் அட்டைகளிலிருந்து வந்தது. "பக்கம்", "டிரம்ஸ்", "எழுதியவர்", "உரிமை" என்பதற்கான சொற்களெல்லாம் தெரியும். கடையில் போய் ஒரு சாமான் கேட்கத் தெரியாது. நான் இரண்டு வருடம் கப்பல் கப்பலாகக் கேட்டு, ஒரு பிலிப்பைன்ஸ் என்ஜினியரிடம் அறுபத்தெட்டில் வந்த ஐவரின் தட்டைப் பிடித்தேன். அதற்கு ஈடாக எத்திராஜின் மனைவி குமாரி அண்ணி போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி கப்பலேறிப் போனது.

தட்டுகள் ஏறக்குறைய சேர்ந்த பிறகுதான் போட்டி ஆரம்பித்தது. நான் நாலு பேர் கட்சி. கல்லூரியில் ஒரு கேசட்டில் கேட்டுப் பைத்தியமானவன். அவர் அஞ்சு பேர் கட்சி. "இன்னாபா இது, நாலு பேரும் ஹார்பர்காரன், நானும் ஹார்பர்காரன். நியாயமா நான்தான் உன் கட்சில இர்க்கணும்" என்று சிரிப்பார். யார் பெரியவர்கள் என்று மொத்தமாகப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. சின்ன வயதில் குத்துச்சண்டை ஆடியவர். "வெயிட் பாத்துதான் ரிங்குல ஏத்தணும். ஒரே வருசத்துல வந்த தட்டத்தான் எதிர் எதிரா வெக்கணும்" என்றார். இன்னொரு விதி, தட்டை முழுதாகக் கேட்க வேண்டும். பிடித்த பாட்டை மட்டும் தேடி ஊசியை வைத்தால் கோபம் வரும். "ஒரு குத்து நல்லா வுட்டான்னு ஒருத்தனுக்குக் கப்பு குடுப்பியா? பன்னெண்டு ரவுண்டும் எப்பிடி நின்னான்னு பாக்கணும்." இசைத்தட்டு என்பது பாட்டுகளின் மூட்டை அல்ல, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே பேச்சு என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நடுவர் குமாரி அண்ணி. அவருக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது என்பதால்தான் அவரை நடுவராக்கினோம். நெத்திலி ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்பார். அறுபத்து நாலாம் வருடம் அஞ்சு பேருக்குப் போனது. "இவனுங்க சண்டை போட்டுக்கினே பாட்றானுங்க. நல்லாகீது" என்றார். அறுபத்தைந்து எனக்கு. அறுபத்தாறு சமம். அறுபத்தேழில் நாலு பேர் வாத்தியக் கோஷ்டியும் வேடிக்கையுமாக என்னென்னவோ செய்தார்கள். அஞ்சு பேரும் அதைப் பார்த்துத் தாங்களும் செய்யப் போனார்கள். அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு அண்ணி, "பொட்டிக்கடைல கீறத எல்லாம் கொட்டி வெச்ச மாதிரி கீது" என்றார். எத்திராஜ் வாதாடவே இல்லை. "ஆமா குமாரி. அடுத்தவன் சட்டையப் போட்டுக்கினு வந்துட்டானுங்க" என்று தட்டை எடுத்து உறைக்குள் போட்டார். அறுபத்தெட்டில் ஐவர் பழையபடி தங்கள் பாணிக்கே திரும்பினார்கள். அந்த ஊறுகாய்த் தட்டு ஜெயித்தது. திரும்பத் திரும்பக் கேட்டு, வாதாடி, ஒவ்வொரு வருடத்தையும் முடிக்க எங்களுக்கு ஏழெட்டு ஞாயிறுகள் ஆகும். அறுபத்தொன்பது மட்டும் பாக்கி நின்றது.

அவர் ஏன் அஞ்சு பேரை விரும்பினார் என்று ஒருமுறை கேட்டேன். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தை விளக்கடியில் காட்டினார். பாட்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. "இந்தப் பாட்ட மொதல்ல கட்டினது அமெரிக்காவுல ஒரு கறுப்பு ஆளு. கஷ்டப்பட்ட சனம். அவங்க பாட்டப் பாடித்தான் இவனுங்க மேல வந்தானுங்க. ஆனா பேரு போட்ருக்கான் பாரு. எல்லாத்துக்கும் போட்டானான்னு எனக்குத் தெரியாது. இதுக்குப் போட்டான்." பிறகு இன்னொன்று சொன்னார். "நாலு பேரு நம்மள வூட்டுக்குள்ள கூப்ட்டு குந்த வெக்கிறான். அஞ்சு பேரு தெருவுலயே நிக்க வெச்சிப் பாட்றான். எனக்குத் தெருதான் பழக்கம் சேகரு."

இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஏனென்றால் அந்த வாக்கியத்தை இதற்கு முன்பும் ஒருமுறை நான் எழுதியிருக்கிறேன்.

அப்போது நான் கதை, கட்டுரை என்று பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு சிற்றிதழ் இசை பற்றிக் கட்டுரை கேட்டது. இரண்டு குழுக்களின் இசைத்தட்டுகளை வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டு எழுதினேன். 'நால்வர் நம்மை வீட்டுக்குள் அழைத்து அமர்த்துகிறார்கள், ஐவர் தெருவில் நிறுத்திப் பாடுகிறார்கள்' என்று நல்ல தமிழில் எழுதினேன். அடுத்தவன் சட்டை, முழுத் தட்டு, எடைக்கு எடை, எல்லாம் இருந்தது. எத்திராஜ் மட்டும் இல்லை. மறந்துபோய் விட்டேன் என்று சொன்னால் பொய். முதல் பிரதியில் அவர் பெயர் இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் சொன்னார் என்று எழுதினால் கட்டுரையின் கனம் குறைந்துவிடும், படிப்பவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்து அடித்தேன். கட்டுரைக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. எல்லாரும் அந்த வீடு, தெரு வாக்கியத்தைத்தான் பாராட்டியிருந்தார்கள்.

அறுபத்தொன்பதாம் வருடத்துப் போட்டியை அடுத்து வந்த ஒரு ஞாயிறு தொடங்குவதாக இருந்தோம். அதற்கு இரண்டு நாள் முன்பு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், எத்திராஜ் அந்த இதழோடு ஷெட்டுக்கு வந்தார். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த யசோதரா நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறாள்.

"பாப்பா படிச்சிக் காமிச்சா. நல்லா எழுதிகீற" என்றார்.

நான் கணக்கு நோட்டை மூடி வைத்தேன்.

"ஒண்ணு கேக்கட்டா? இதுல நான் எங்க கீறேன்?"

"நாம ரெண்டு பேரும் பேசினதுதானேண்ணா. எழுதினது நான்" என்றேன்.

கோபத்தை எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். "ஆமால்ல. எழுதினது நீதான்" என்றார். இதழை மேசைமேல் மடங்காமல் வைத்துவிட்டுப் போனார். அவர் கிரேன் ஏணியில் ஏறுவதை நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் ஒருமுறை நின்றார், பிறகு ஏறினார்.

பதினோரு வருடம் போயிற்று. எதிரில் பார்த்தால் "நல்லாகீறியா" என்பார். நானும் கேட்பேன். அவ்வளவுதான். அவர் ஓய்வு பெற்ற நாளில் எல்லாரோடும் சேர்ந்து நானும் ஒரு மாலை போட்டேன். பின் ஒருநாள் மூலக்கொத்தளம் மார்க்கெட்டில் குமாரி அண்ணியைப் பார்த்தேன். "இன்னாபா சேகரு, வூட்டாண்ட வர்றதே இல்ல? அறுபத்தொம்போது பாக்கி கீதேபா. இவரு கேட்டா சேகருக்கு வேலைன்றாரு" என்றார். அப்போதுதான் தெரிந்தது, எத்திராஜ் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஆமா அண்ணி, வேலை" என்றேன். அண்ணி என் பையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைத் திணித்து, "அடுத்த ஞாயித்துக்கெழம வா" என்றார். நான் போகவில்லை. அண்ணியை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

அண்ணி இறந்ததாகக் கேள்விப்பட்டு ஓடினேன். கூட்டத்துக்கு நடுவில் எத்திராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குந்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா? கேக்கல. சத்தமா சொல்லு" என்றார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். எனக்குச் சத்தமாகச் சொல்ல வரவில்லை. "ஒண்ணுமில்லண்ணா" என்று தலையசைத்தேன். அவர் தன் ஒரு காதைத் தொட்டுக் காட்டினார். "இது ரெண்டு வருசம் முன்னயே பூட்சி. அந்தக் காதும் போய்க்கினே கீது. கிரேன் சத்தம் தின்னுட்ச்சி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மகள் வீட்டுக்கு, காத்திவாக்கத்துக்கு, வந்துவிட்டார். யசோதரா அங்கே பள்ளி ஆசிரியை. நான் ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஜன்னல் விளிம்பில் படிந்துகொண்டே இருக்கும். தட்டில் பட்டால் கீறிவிடும் என்று ஒவ்வொரு தட்டையும் அண்ணியின் பழைய சேலைத் துண்டுகளில் சுற்றி வைத்திருந்தார். இரண்டாவது காதும் போய், அவரால் இனி கேட்க முடியாத தட்டுகள் அவை. முதல் ஞாயிறு ஒரு நோட்டை எடுத்து, அன்று சத்தமாகச் சொல்ல முடியாததை முதல் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "அத்த வுடு" என்றார். கொஞ்சம் கழித்து, "பேரு போட்டு ஒரு தபா எழுது. அது போதும். யசோதரா படிக்கட்டும்" என்றார்.

எழுதுகிறேன் என்றேன். நிஜமாகவே உட்கார்ந்தேன். ஒரு கட்டுரை போதாது, முழுப் புத்தகமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வருடத்துத் தட்டுகளை வைப்போம். எந்தப் பாட்டு ஓடுகிறது என்று நான் நோட்டில் எழுதுவேன். அவர் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் விரல்களை வைத்துக்கொண்டு, ஞாபகத்திலிருந்து பேசுவார். ஒரு பாட்டைக்கூட இடம் மாற்றிச் சொன்னதில்லை. அந்த நோட்டுகள் என்னிடம் சேர்ந்துகொண்டே போயின. எழுத்து மட்டும் முடியவில்லை. இன்னும் சரியாக எழுத வேண்டும், இன்னும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தள்ளினேன். உண்மையில் அவர் பெயரை எழுதினால் முதல் கட்டுரையில் நான் செய்ததையும் எழுதியாக வேண்டும். அதற்குத்தான் கை வரவில்லை. "வந்துச்சா?" என்று மூன்று முறை கேட்டார். நான் ஒவ்வொரு முறையும் "கொஞ்சம்தான் பாக்கி" என்று எழுதிக் காட்டினேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

இந்த ஞாயிறு நான் போய்ச் சேர்ந்தபோது வியாசர்பாடியிலிருந்து அவருடைய பழைய தோழர்கள் வந்துவிட்டிருந்தார்கள். பௌத்த முறைப்படி திரிசரணம் சொன்னார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள், முடியவில்லை. எல்லாம் ஆன பிறகு யசோதரா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அப்பா உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொன்னதில்ல அங்கிள். அந்தப் புக்கப் படிச்சிக் காமிச்ச அன்னிக்கி நான்தான் கோவப்பட்டேன். 'அவன் எழுதுவான், நீ பாரு'ன்னாரு. போன வாரங்கூட அதத்தான் சொன்னாரு" என்றாள். நான் டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றேன். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தகப்பன் சொன்னதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

யசோதரா, உன் அப்பாவின் பெயர் எத்திராஜ். நால்வர், ஐவர் இசைத்தட்டுகளைப் பற்றி நான் எழுதிப் பெயர் வாங்கிய ஒவ்வொரு நல்ல வாக்கியமும் அவருடையது. நான் செய்தது திருட்டு. அவர் கண்ணால் படிக்கும்படி இதை எழுதியிருக்க வேண்டும். நாலு வருடம் இருந்தது எனக்கு.

கடைசியாக அவரை உயிரோடு பார்த்தது அவர் போவதற்கு முந்தின ஞாயிறு. அதுவரை தொடாமலே வைத்திருந்த அறுபத்தொன்பதை அன்றுதான் வைத்தோம். முதலில் நாலு பேர். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது அதோடு வந்து சேர்ந்துகொள்ளும். பிரியப்போகிறவர்கள் என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. பெட்டிமேல் விரலை வைத்தபடி எத்திராஜ், "ஒத்துமையா கீற மாதிரி ஒரு கடைசி தபா பாடிட்டுப் போறானுங்க" என்றார். பிறகு அஞ்சு பேர். அதில் முதல் பாட்டிலேயே ஒரு கறுப்பினப் பெண்ணின் குரல் வருகிறது. உச்சியில் ஓரிடத்தில் அந்தக் குரல் உடைகிறது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். "ஒடஞ்சத மூடி மறைக்கல பாரு" என்றார். இரண்டும் முடிந்ததும், யார் ஜெயித்தது என்று எழுதிக் காட்டினேன். நோட்டைப் பார்த்துவிட்டு, தட்டைச் சுற்றியிருந்த அண்ணியின் சேலைத் துண்டைக் கையில் எடுத்தார். "ஜட்ஜு போயிட்டா. ஜட்ஜு இல்லாம ரிசல்ட்டு கெடையாது சேகரு" என்றார்.

நான் தட்டை எடுக்கப் போனேன். அவர் தடுத்தார். பிளேயரை நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு ஐவரின் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து பாட ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்து அதற்கு முன் அவர் பாடியதே இல்லை. சுருதி எங்கோ இருந்தது. இங்கிலீஷ் சொற்கள் பாதி அவருடையவை. நடுவில் வரும் வாத்தியத்தைக்கூட விடாமல் வாயாலேயே வாசித்தார். பக்கத்து வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, சிரிக்காமல் நின்றார்கள். அந்தப் பெண் குரல் வரும் இடத்தில் அவருடைய குரலும் ஏறியது, உடைந்தது, அவர் நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டு வரை பாடினார். முடித்துக் கண்ணைத் திறந்து, "எனக்குக் கேக்கல. ஒனக்குக் கேட்டுச்சா?" என்றார். நான் நோட்டைத் தேடாமல், கேட்டது என்று தலையை ஆட்டினேன்.

எத்திராஜிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். தன் குரல் தனக்கே கேட்காத ஒரு மனிதர், எனக்காக ஒரு முழுப் பக்கத்தையும் பாடிக் காட்டியது.